புனிதா டீச்சரின் மரக்கோப்பை

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் கண் மூடினாள். பகலில் உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை. புனிதா டீச்சரை அறிந்தவர்களுக்கு, முக்கியமாக அவருடைய கருமாதிக்கு வந்திருந்த நம் பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுப் பசறையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளி அதிபர்தான் போனில் அழைத்தார். செருப்பு கடித்த புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் புனிதா டீச்சர். வந்துவிடுவார் என்று அவருடைய ஐந்தாம் வகுப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புண்ணிலிருந்த விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டதாம். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.

ஸ்பிரிங்வெளி தோட்டப் பள்ளியில் எங்கள் ஆசிரியர் அறை ஜன்னலில் அவருடைய கோப்பை இருக்கும். கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்தது. சீனி வியாதிக்கு நல்லதென்று பதுளையில் வாங்கி வந்தார். பள்ளி விடும்போது தண்ணீர் ஊற்றி மூடிவைத்துப் போவார். காலையில் அது சிவந்திருக்கும். ஒரே மூச்சில் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தோட்டத்துக்காரிக்கு இன்னொரு சாயத்தண்ணி, அவ்ளோதான்" என்பார். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தூள், கறுவாப்பட்டை போட்ட வெந்நீர் என்று யார் எதைச் சொன்னாலும் அதையும் சேர்த்துக்கொள்வார். "மண்ணுல முளைச்சது நம்மள என்னா செஞ்சிரப் போவுது?" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு.

பிறகு அவர் மெலிந்தார். நமக்கெல்லாம் நினைவிருக்கும். விளையாட்டுப் போட்டியன்று புதுச் சேலையில் வந்தபோது அறையே அவரைச் சூழ்ந்துகொண்டது. இளைத்துவிட்டீர்கள், பத்து வயது குறைந்துவிட்டது என்றோம். இரகசியம் கேட்டோம். அவர் ஜன்னலைக் காட்டினார். அடுத்த மாதம் அந்த ஜன்னலில் மூன்று கோப்பைகள் இருந்தன. கவனிக்காமல் விட்ட சீனியும் ஆளை இப்படித்தான் கரைக்கும் என்று ஆஸ்பத்திரியில் தாதி சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. நாம் அவரிடம் புகழ்ந்தது நோயை.

நான் பிள்ளை பெற்றுத் திரும்பியபோது என் சட்டைகள் ஒன்றும் ஏறவில்லை. தன் பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இந்தா சின்ன டீச்சர், எனக்கு இது தொளதொளன்னு போச்சு. ஒனக்குத்தான் இப்ப சரியா வரும்." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கத்தில் குனிந்து, "நீ இந்தக் கோப்பையில வாய வைக்காத. பால் குடுக்கிறவ" என்றார். கோப்பையைப் பற்றி அவர் சொன்ன ஒரே எச்சரிக்கை அதுதான், அதுவும் எனக்கு மட்டும்.

டாக்டர் கொடுத்த சீனி மாத்திரையை ஏன் விட்டார் என்று கேட்கிறார்கள். அவர் கிளினிக்கை விடவில்லை. போவதற்கு முந்தின நாள் சோற்றைத் தொடமாட்டார். இரத்தப் பரிசோதனையில் சீனி ஓரளவு அடங்கித் தெரியும். வாங்கி வந்த மாத்திரையை அப்படியே லெச்சுமியிடம் கொடுத்துவிடுவார். லெச்சுமி அவர் வகுப்புப் பிள்ளையின் தாய், தேயிலைக் கொழுந்து எடுப்பவள், அவளுக்கும் சீனி. அவள் கிளினிக்குக்குப் போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அன்றைய பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. டாக்டர் உங்களுக்கென்று எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு டீச்சர் சொன்னார்: "எனக்குக் கோப்பை இருக்குது. அவளுக்கு என்னா இருக்குது?"

கடைசி மாதங்களில் தண்ணீர் சிவக்கவே இல்லை. சாரம் போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்றேன். கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மரமும் களைச்சிருச்சு போல. இருக்கட்டும், பழகின வாய்" என்றார். அதற்குள் குதிகால் புண்ணில் மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்.

கருமாதிப் படையலில் அவர் கணவர் அதிரசம் வைத்தார், சீனி போட்ட தேத்தண்ணீர் வைத்தார். டீச்சர் வாயைக் கட்டி ஒதுக்கியிருந்த எல்லாவற்றையும் வைத்து, பக்கத்தில் அந்தக் கோப்பையையும் வைத்தார். படையல் எடுத்து இலைகளைச் சுருட்டும்போது கோப்பை இல்லை. கணவர் கோபப்படவில்லை. "யாருக்காச்சும் சொகம் ஆனா சரி" என்றார்.

லெச்சுமியைக் கேட்டேன். "நான் எடுக்கல டீச்சர்" என்றாள். சற்று நின்று, "இனிமே மாத்திரைக்கு நான் என்னா செய்றது?" என்று கேட்டாள். பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டேன். அவளும் போய்விட்டாள்.

அந்த மரத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. மாத்திரையின் வேலையை அது செய்யவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதை எழுதுவதால் எதுவும் மாறும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. நாளைக்கும் லெச்சுமி கொழுந்து எடுக்க மலைக்குத்தான் போவாள், கிளினிக்குக்கு அல்ல.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ரவிக்கை ஒன்றுதான். கர்ப்பத்தில் எனக்கும் சீனி இருந்தது. மறுபடி இரத்தம் பார்க்கச் சொன்னார்கள், இன்னும் போகவில்லை. ரவிக்கை இப்போது எனக்கு அளவாக இருக்கிறது. முன்பெல்லாம் மெலிய வேண்டும் என்று கண்ணாடி முன் நிற்பேன். இப்போது காலையில் கொக்கியை மாட்டும்போது, அது தளர்ந்திருக்கக் கூடாதே என்று பயந்துகொண்டு நிற்கிறேன்.

கோப்பையை எடுத்தவர் உங்களில் ஒருவர். அதைத் திருப்பித் தர வேண்டாம், பெயரும் வேண்டாம். மாத்திரையை நிறுத்தாமல் இருக்கிறீர்களா? அதை மட்டும் எனக்குச் சீக்கிரம் எழுதுங்கள்.