டமால் அக்கா கைக்கு வந்த முப்பது கோப்பைகள்

எங்கள் தெருமுனைப் பார்சல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் உண்மைப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் டமால் அக்கா. எதைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாலும் அதை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்துக்குத் தூக்குவார், விட்டுவிடுவார். அது சிமென்ட் தரையில் விழும். பிறகு பெட்டியை மெல்ல ஆட்டி, வைத்தியர் நாடி பார்ப்பது போலக் காது வைப்பார். உள்ளே ஏதாவது முனகினால், "கட்டைப் பிரி" என்பார். முனகாவிட்டால் முத்திரை.

அலுவலக விதிகளில் இப்படி ஒரு சடங்கு கிடையாது. கண்டித்து மேலிடத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் கசக்கி, யாருடைய மெழுகுவர்த்திப் பெட்டியிலோ இடைவெளி அடைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு முதலாளி உண்டு. சோப்பு காய்ச்சும் மருமகள், மிச்சத் துணியில் பை தைக்கும் பட்டதாரி, மெழுகுவர்த்தி வார்க்கும் இரட்டையர். எல்லாரும் அக்காவைத் திட்டுவார்கள். அடுத்த தெருவில் குளிர்சாதனமும் புன்னகையுமாக இன்னொரு பார்சல் அலுவலகம் இருந்தும், திட்டிக்கொண்டே இங்கேதான் வருவார்கள். அக்கா கை பட்டுப் போன பெட்டி வழியில் உடைந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஊருக்கு நல்லது பண்றீங்கக்கா" என்று சோப்பு மருமகள் ஒருமுறை உருகினாள்.

"நல்லதாவது! வழியில உடைஞ்சா நாலு பக்கத்துக்கு ஃபாரம் எழுதணும். எழுதுறது யாரு? நான். எனக்குச் சோம்பேறித்தனம்."

அந்தச் சோம்பேறித்தனம் வாழ வைத்த தொழில்கள் எங்கள் தெருவில் ஏராளம்.

கோப்பைக்காரி வந்தது ஒரு மாதக் கடைசியில். கொல்லையில் சின்னச் சூளை வைத்துக் கோப்பை செய்கிறவள். "மண்ணைப் பிசையவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று கேட்ட அப்பா, இந்த மாதம் வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் தொழில் நிலைக்காவிட்டால் சித்தப்பா அலுவலகத்தில் ஒரு நாற்காலி காத்திருந்தது. அவளுக்குக் கிடைத்திருந்ததோ ஒரே ஒரு பெரிய ஆர்டர்: வெளியூர்த் தேநீர்க் கடைக்கு முப்பது கோப்பைகள். முழுசாகப் போய்ச் சேர்ந்தால் மாதாமாதம் எடுப்பார்கள். முப்பத்தாறு செய்து, முப்பதைப் பெட்டியில் அடுக்கி, குழந்தையைப் போல ஏந்தி வந்தாள்.

டமால்.

நாலு கோப்பை போச்சு.

"என்னக்கா இது! நீங்க பார்சல் எடுக்கிறவங்களா, பகை தீர்க்கிறவங்களா?"

"லாரில உங்க சித்தப்பா மடியில வச்சுத் தூக்கிட்டுப் போவாரா? அங்க உடைஞ்சா கடைக்காரனுக்குத் தெரியும். இங்க உடைஞ்சா உனக்கும் எனக்கும்தான் தெரியும். வண்டி நாலு மணிக்கு. ஓடு!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மிச்சமிருந்த ஆறையும் எடுத்து வருவதற்குள் அக்கா பைக்காரனுக்குப் போன் போட்டிருந்தார். "டேய், குப்பைல போடுற துண்டுத் துணியெல்லாம் மூட்டையா கட்டிக் கொண்டா. காசு கேட்டே, உன் பார்சல இனிமே மாடில இருந்து போடுவேன்."

ஒவ்வொரு கோப்பைக்கும் துணிச் சட்டை போட்டார்கள். மறுபடியும் டமால். அடியில் ஒன்று மட்டும் உடைந்திருந்தது. இப்போது கையில் இருந்தவை முப்பத்தொன்று. இன்னும் இரண்டு உடைந்தால் சித்தப்பாவின் நாற்காலிதான். சூளை மூட்ட நேரமில்லை.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"அண்ணே, டயர்ல காத்து கம்மியா இருக்கு பாருங்க" என்றார் அக்கா. ஓட்டுநர் இறங்கி நான்கையும் உதைத்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"ஸ்டெப்னியப் பாத்தீங்களா?"

அதற்குள் அடியில் துணி மெத்தை ஒன்று வைத்துப் பெட்டி கட்டியாகிவிட்டது. அக்கா கை நீட்டினார். கோப்பைக்காரி கொடுக்கவில்லை.

"விடுங்கக்கா. நானே போடுறேன்."

இடுப்பு உயரத்தோடு நிற்கவில்லை அவள். பெட்டியைத் தோள் வரை தூக்கினாள். ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அப்படி அவர் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

டமால்.

அக்கா குனிந்து, ஆட்டி, காது வைத்தார். வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. பாராட்டு ஏதாவது வரும் என்று அவள் நின்றாள். முத்திரைதான் விழுந்தது.

மூன்றாம் நாள் தேநீர்க் கடையிலிருந்து செய்தி வந்தது: முப்பதும் முழுசு, அடுத்த மாதம் அறுபது. சூளைக்கு மேலே அப்பா செலவில் ஒரு தகரக் கூரை முளைத்தது. சித்தப்பாவின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

மிஞ்சிய முப்பத்தோராவது கோப்பையைக் கோப்பைக்காரி அக்காவிடமே கொடுத்தாள். துணிச் சட்டையோடுதான் கொடுத்தாள். தரையில் இரண்டு முறை விழுந்து பிழைத்த அந்தக் கோப்பை, தானே கழுவுவேன் என்று அக்கா அடம்பிடித்ததில், வீட்டுப் பாத்திரத் தொட்டியில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"அதான் வீட்ல இவள எதையும் தொட விடுறதில்ல" என்றார் அக்காவின் கணவர்.