தேய்க்கத் தேய்க்க வளராத அட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரும் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்: நான் ஒரு முட்டாள். நெமிலிச்சேரியில் காலையில் நான் தெருவில் இறங்கினால் ஆட்கள் எதிரே வந்து என் சட்டைப்பையில் பணத்தைச் செருகிவிட்டுப் போகிறார்கள். இஸ்திரி வண்டிக்காரர் தன் கைபேசி ரீசார்ஜுக்காக, எதிர்வீட்டு அக்கா கேஸ் சிலிண்டருக்காக, அம்மன் கோயில் கமிட்டிக்காரர் சீரியல் பல்புக்காக. பார்ப்பவர்கள் என்னை வட்டிக்கு விடுகிறவன் என்று நினைப்பார்கள். மலேசியாவில், என் ஊர் தைப்பிங்கில் இதைப் படிக்கும் என் கூட்டாளிகள், இவன் இந்தியாவுக்குப் போய் ஆலோங் ஆகி கந்துவட்டி வாங்குகிறான் என்று சந்தோஷமாகப் பரப்பிவிடுவார்கள். உண்மை அதைவிடக் கேவலமானது. நான் என் கிரெடிட் கார்டை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

மலேசியத் தமிழன் ஒருவன் நெமிலிச்சேரியில் என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். கலைவாணி பினாங்குக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தாள். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பினாள். நான் பின்னாலேயே வந்தேன். அவ்வளவுதான் கதை. ‘அங்க இருக்கிறவன் எல்லாம் எப்படா வெளிநாடு போவோம்னு இருக்கான், நீ எதுக்குலா அங்க போற?’ என்று அம்மா கேட்டார். இப்போது மாமனார் ஏழுமலையின் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே விவசாயம் பார்த்த குடும்பம். நிலம் மனைகளாகிப் போனபின் வாடகை வீடுகளும் இரண்டு மாடும் மிச்சம். அந்தக் கணக்கில் நான் வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் ஊரில் பெண் வீட்டில் போய்த் தங்கினால் ‘கெட்டிக்காரன், வாடகை மிச்சம்’ என்பார்கள். இங்கே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாப்பிடும்போது இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு லேசாகச் சிரிப்பார்கள். அதுதான் தாங்காது.

மகளுக்குப் பெயர் வைத்த அன்று சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ‘மாடில அனலு தாங்கல மாப்ள. வெயிலு வர்றதுக்குள்ள ஒரு ஏசி வாங்கிப் போட்டுடறேன்’ என்றார் மாமனார். நல்ல மனிதன் என்றால் தலையாட்டிவிட்டுப் பாயசம் குடித்திருப்பான். நான் எழுந்து நின்று, ‘மாமா, என் பொண்ணுக்கு ஏசி நான்தான் போடுவேன்’ என்று அறிவித்தேன். கூட்டத்தில் ஒரு பெரியம்மா, ‘பார்றா, மலேசியா வாய தொறந்துகிச்சு’ என்றார். அந்த நிமிடத்திலிருந்து அது ஏசி இல்லை, என் மானம்.

கையில் மொத்தமாகப் பணம் கிடையாது. வட்டியில்லாத் தவணைக்குக் கார்டு வேண்டும், அதுவும் முழு விலையையும் தாங்குகிற கார்டு. என்னிடம் இருந்ததோ இருபதாயிரம் ரூபாய் வரம்பு. நாட்டுக்குப் புதிய ஆள் என்று பயந்து பயந்து கொடுத்தது. வரம்பை உயர்த்தக் கேட்கும்போதெல்லாம் வங்கியின் செயலி ‘தற்போது தங்களுக்குத் தகுதியில்லை’ என்று பதில் சொன்னது. நான் பெண் கேட்கப் போனபோதுகூட யாரும் இவ்வளவு நேரடியாகச் சொல்லவில்லை.

ஆலோசனைக்கு மச்சான் டில்லி இருந்தான். கலைவாணியின் தம்பி, திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன், உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

‘இன்னா மாமே, கார்ட கைல வெச்சுகினு பூஜ பண்ணிக்கினுகீற? அத தேய்க்கணும். தேச்சுகினே இருக்கணும்.’

‘எதைத் தேய்க்கிறது? எனக்குச் செலவே இல்லையே மச்சான்.’

‘உனுக்கு இல்லேன்னா தெருவுக்குகீது. மாசாமாசம் ஃபுல்லா தேச்சு ஃபுல்லா கட்டு. இவுரு பெரிய கைன்னு பேங்க்காரனே போன் பண்ணி லிமிட் ஏத்துவான்.’

எனக்கு இது மிகச் சரியாகப் பட்டது. மாடு கறக்கக் கறக்கத்தான் பால் சுரக்கும் என்று மாமனார் சொல்லிக் கேட்டிருந்தேன், கார்டும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பினேன். தெருவே என் கார்டில் வாழத் தொடங்கியது: செலவு அவர்களுடையது, தேய்ப்பது நான், ரொக்கம் என் சட்டைப்பையில். ஒரு ஆச்சரியத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர்கூட ஏமாற்றவில்லை. கொடுக்க ஒரு நாள் தாமதமானால் முருங்கைக்காயோடு வந்து கொடுத்தார்கள். டயர் மாற்றிய ஆட்டோக்காரர் என்னை அம்பத்தூர் ஆபீஸ்வரை சும்மா கொண்டுபோய் விட்டார். வந்து இத்தனை காலம் ‘மலேசியா’ என்றே கூப்பிட்டவர்கள், முதல்முறையாக என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

என் ஆபீஸைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் என் கேவலம் முழுமையாகும். அம்பத்தூரில் நான் பார்ப்பது மலாய் பேசும் வேலை. அங்கே மலேசியாவில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்கள் உதவி எண்ணை அழுத்தினால் இங்கே என் காதில் மணி அடிக்கும். அவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: கார்டு வரம்பை உயர்த்துங்கள். நான் சொல்வதும் ஒன்றுதான்: ‘மாஃப் புவான், புவாட் மாசா இனி தீடாக் போலே.’ மன்னிக்கவும் அம்மா, தற்சமயம் முடியாது. குழைந்து குழைந்து இதைச் சொல்வதற்கு எனக்கு விருதுகூடக் கொடுத்தார்கள். சொல்லி முடித்து, இடைவேளையில் என் வங்கியின் செயலியைத் திறந்தால், அதே வாக்கியம் எனக்குத் தமிழில் காத்திருக்கும். அதில் குழைவு இருக்காது.

வெயில் ஏறிக்கொண்டே போனதால் ஒரு நாள் நேரில் வங்கிக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் தென்மாவட்டத்துக்காரர், அவரும் இந்த ஊருக்குப் புதுசுதான். கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

‘சார், நீங்க ஹோட்டல் நடத்துறீங்களா?’

‘இல்லைங்களே.’

‘ஒரே மாசத்துல நாலு சிலிண்டர் போயிருக்கு. ஆட்டோ டயர் இருக்கு. மாட்டுத் தீவனம் இருக்கு. நூறு மீட்டர் சீரியல் லைட் இருக்கு.’

‘அது எங்க தெருங்க.’

‘தெருவ எதுக்கு சார் உங்க கார்டுல போட்டீங்க?’

டில்லியின் தத்துவத்தை முழுவதும் எடுத்துச் சொன்னேன். பாவம், சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். பிறகு தம்பிக்குச் சொல்வது போலச் சொன்னார்: ‘கார்ட விளிம்பு வரைக்கும் காலி பண்றவங்கள பாத்தா சிஸ்டம் பயந்துரும் சார். இவருக்கு வேற வழியே இல்ல போலன்னு நினைச்சுக்கும். கொஞ்சமா செலவு பண்ணிட்டு, வேணாங்கிற மாதிரி இருங்க. தானா ஏறும்.’

அதாவது பசியோடு இருக்கிறவனுக்குச் சோறு கிடையாது, ஏப்பம் விட்டால் இலை போடுவார்கள். வீட்டுக்கு வந்து டில்லியிடம் சொன்னேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. ‘நா ஃபுல்லா தேய்ன்னுதான சொன்னேன். மாட்டுத் தீவனத்த யார் தேய்க்கச் சொன்னது?’ என்றான்.

இதற்கிடையில் என் பெட்டிக்குள் இன்னொரு கார்டு தூங்கிக்கொண்டிருந்தது. மலேசியக் கார்டு. ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து தொட்டதில்லை. தொடாததாலேயே அந்த வங்கிக்கு என்மேல் அப்படியொரு காதல். ‘தஹ்னியா, உங்கள் வரம்பு உயர்த்தப்பட்டது’ என்று அவ்வப்போது மின்னஞ்சலில் வாழ்த்து அனுப்பும். நான் இல்லாத நாட்டில் என் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, இருக்கிற நாட்டில் நான் இருபதாயிரத்துக்கு மேல் நம்பத்தகாதவன். அந்தக் கார்டை எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இங்கே உழைத்து, இங்கே வாங்கி, இங்கே மாட்ட வேண்டும் என்ற வீம்பு. ஆனால் மே மாதம் வந்தது. மத்தியானத்தில் குழந்தை வேர்க்குரு அரிப்பில் வீறிட்டு அழுத அழுகையில் என் வீம்பு உருகி ஓடிவிட்டது.

அம்பத்தூரில் கடைக்குப் போனோம், நான், டில்லி, மாமனார். மாமனார் ஒவ்வொரு ஏசிக்கு அடியிலும் நின்று, கண்ணை மூடி, காற்றை ருசி பார்த்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். மலேசியக் கார்டை ராஜா மாதிரி நீட்டினேன். இயந்திரம் துப்பிவிட்டது.

‘வெளிநாட்டுக் கார்டு சார், மிஷின் எடுக்கல’ என்றார் கடைக்காரர். ‘உங்க போனுக்கு லிங்க் அனுப்பறேன், நம்பர் போடுங்க. ஓடிபி வரும்.’

லிங்க் வந்தது. எண்களைப் போட்டேன். ஓடிபி வரவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் கார்டோடு இணைந்திருப்பது என் பழைய மலேசிய எண். அந்த எண், கிளம்பும்போது நான் அம்மாவிடம் விட்டுவந்த பழைய போனில் இருக்கிறது. ஓடிபி வந்துதான் இருக்கிறது, தைப்பிங்குக்கு.

திரையில் நிமிடம் குறைந்துகொண்டே வந்தது. மாமனார் என் முகத்தைப் பார்த்தார். வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு ஒரு நோட்டுக்கட்டை எடுத்தார். ‘இருங்க மாமா, ஒரே நிமிஷம்’ என்று கெஞ்சிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

‘பசியாறிட்டியா ஐயா?’

‘ஆச்சும்மா. பழைய போன்ல இப்ப ஒரு மெசேஜ் வந்துச்சா?’

‘வந்துச்சு.’

‘அதுல ஆறு நம்பர் இருக்கும். சீக்கிரம் படிம்மா.’

‘எதுக்கு?’

மூச்சுவிடாமல் அத்தனையும் சொன்னேன். வெயில், வேர்க்குரு, கூட்டத்தில் விட்ட சவால், வளராத கார்டு, தெருவின் சிலிண்டர். நான் இங்கே பெரிய ஆளாக இருக்கிறேன் என்று வாராவாரம் அம்மாவிடம் அளந்தது எல்லாம் அந்தக் கடை வாசலில் கொட்டிப் போனது. ஒரு காதில் தைப்பிங் மழை ஓட்டுக்கூரையில் விழும் சத்தம். மறு காதில் மாமனார் நோட்டுக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவும் சத்தம். நான் நடுவில், இரண்டு கார்டையும் கையில் வைத்துக்கொண்டு வேர்த்து வழிய நின்றேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மெசேஜை நிதானமாகப் படித்திருக்க வேண்டும்.

‘யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு, வேணும்னா வீட்டுக்கு வந்து பாத்துக்க.’