வாளியில் ஊறிய யானை

ஒரு வாளிப் பழைய காகிதத்துக்குள் யானை இருக்கிறது என்று அத்தை சொன்னபோது நான் நம்பவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் வீணாகும் பொருளில் ஏதாவது செய்து வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. மர்பி டவுனில் எங்களோடுதான் இருந்தாள். ஒரு கம்பெனியில் வேலை. காகிதத்தில் களிமண் செய்யும் வித்தையை ஆபீசில் யாரிடமோ கேட்டு வந்திருந்தாள்.

வியாழக்கிழமை மாலை ஒரு கட்டுப் பேப்பரை என் முன்னால் போட்டு, "நகம் அளவுக்குக் கிழிச்சு வாளியில போடு" என்றாள். செய்தித்தாள், போன வருஷத்து நோட்டு, யார் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் கிழித்தேன். நடுவில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய மெல்லிய நோட்டு ஒன்று வந்தது. உள்ளே கட்டம் கட்டமாகப் போட்டு எழுதியிருந்தது. ஏதோ தாயம் ஆடுகிற கட்டம் என்று நினைத்து அதையும் ஒரு கை பார்த்தேன்.

சனிக்கிழமை எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. சட்னியில் செய்தித்தாள் வாசம் வரும் என்று அம்மா மிக்ஸியைத் தர மறுத்து, கடைசியில் ஓர் ஓட்டை உடைசல் ஜாரைக் கொடுத்தாள். அத்தை அரைத்தாள், துணியில் போட்டுப் பிழிந்தாள், மைதா பசை ஊற்றிப் பிசைந்தாள். சப்பாத்தி மாவு மாதிரி உருண்டு வந்தது. எனக்கு வாய் மூடவில்லை.

"எழுத்தெல்லாம் எங்க போச்சு அத்தை?"

"கரைஞ்சிடுச்சுடி. இனிமே யாராலயும் படிக்க முடியாது."

அவள் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள், நெற்றி வந்தது. இழுத்தாள், தும்பிக்கை வந்தது. நேற்றுவரை செய்தியாக இருந்தது இன்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாமிக்கு அடுத்தபடி அத்தைதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். இது எங்களுக்குப் புதிதல்ல. அம்மா கேசரி கிண்டுவாள், அத்தை பட்டுப்புடவை கட்டிக் காபி கொண்டு வருவாள், வந்தவர்கள் ஜாதக நகலோடு போவார்கள். இரண்டு வாரத்தில் பொருந்தவில்லை என்று செய்தி வரும். கேசரி கிடைத்ததால் எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

அன்று காலை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று அப்பா, கதவு நிலைக்கு மேல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். ஜாதக நோட்டைக் காணவில்லை.

"நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி பத்திரமா வச்சிருந்தேனே" என்றார்.

நான் யானையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நகல் வாங்கிட்டுப் போனவங்க யாரும் வச்சிருக்க மாட்டாங்க. அது போச்சுன்னா வேற எழுதவும் முடியாதுங்க. மாமா எழுதி வச்ச பொறந்த நேரம் அதுல மட்டும்தான் இருக்கு" என்றாள் அம்மா. அவள் சொன்ன மாமா, என் தாத்தா, காலமாகி நாலு வருஷமாகியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள்: "தேடாதீங்கண்ணா. நான்தான் பழைய பேப்பர்னு நெனச்சு வாளியில போட்டுட்டேன்."

கோபம் வந்தால் அப்பாவுக்குத் தமிழ் போதாது, எங்கள் ஊர் மொழியான கன்னடத்துக்குப் போய்விடுவார். அன்று அரைமணி நேரம் கன்னடத்தில் திட்டினார். அத்தை தலை குனிந்தபடி யானைக்குத் தந்தம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜாதகம் இல்லாமல் வந்து பயனில்லை என்று ஓசூர்க்காரர்கள் போனிலேயே முடித்துக்கொண்டார்கள். கேசரி முழுவதும் எங்களுக்கே மிஞ்சியது.

மத்தியானம் யானையை வெயிலில் வைக்க மொட்டைமாடிக்குப் போனோம். அதன் காதில் பொட்டளவு மஞ்சள் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அதைக் கிழிச்சது நான்தான் அத்தை."

அவள் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்துவிட்டு, "தேங்க்ஸ்டி" என்றாள்.

திட்ட வேண்டியவள் நன்றி சொல்கிறாளே என்று மலைத்துப்போனேன். எனக்காகப் பழியை ஏற்றுப் பொய் சொன்ன அத்தை என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த நோட்டைப் பூட்டி வைத்திருந்த பீரோவின் சாவி தொங்கிய ஆணி நாற்காலி போட்டு ஏறினாலும் எனக்கு எட்டாது என்பது மட்டும் பல வருஷங்களுக்கு எனக்குத் தோன்றவே இல்லை.