ஆரோக்கியம் எழுதியதும் நான் வாசித்ததும்

ஆரோக்கியம் போய்விட்டாள். காலையில் அவள் மகன் போன் பண்ணிச் சொன்னான்... தோட்டத்து வீட்டிலேயே, தூக்கத்திலேயே.

அதற்கும் கொடுத்து வைத்தவள்.

நாகல் நகர் காம்பவுண்டில் எங்களோடு குடியிருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் இந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது வீடு, ஒரே குழாய். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இரண்டே பேர்... அவள் எட்டாவது, நான் ஐந்தாவது. அந்த மூன்று கிளாஸ் எனக்கு எப்போதும் உறுத்தும்.

அவள் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. மாசச் சம்பளம், கரண்ட் லைட், நடக்கிற தூரத்தில் சினிமாக் கொட்டகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கன்னிவாடி தாண்டி மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் பார்த்துப் போகிறோம் என்று வந்து நின்றாள்.

முதல் வீட்டுப் பேச்சியக்கா விடவில்லை. "கிறுக்குப் புடிச்சிருச்சாடி ஒனக்கு? அவரைச் செடி எது, துவரைச் செடி எதுன்னு தெரியாது. நீ வெவசாயம் பாக்கப் போறியாக்கும்?"

"காய்ச்சா தெரிஞ்சிட்டுப் போகுதுக்கா" என்றாள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லெச்சுமி, பக்கத்துல இன்னும் ரெண்டு ஏக்கர் கெடக்காம். நீங்களும் வாங்களேன்" என்றாள். என் வீட்டுக்காரருக்குப் பாதி மனசு இருந்தது. நான்தான், "எம்புள்ளைக கரண்ட் லைட்டுல படிக்கணும், நான் வரல" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டேன்.

படித்தார்கள். மூன்று பேரும் பட்டதாரி, ஒரு பேத்தி டாக்டர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவள் அங்கிருந்து தபால் கார்டு போட ஆரம்பித்தாள்...

மேலே என் பெயர் இருக்கும். கீழே 'எல்லோருக்கும் வாசித்துக் காட்டவும்' என்று இருக்கும். சாயந்தரம் குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்வார்கள். நான் வாசிப்பேன்.

'அடுப்படியில் கட்டுவிரியன் வந்தது' என்று இருந்தால் வாசிப்பேன். 'மழைக்குக் கூரை ஒழுகுகிறது' என்று இருந்தால் அதையும் நிறுத்தி, நிதானமாக வாசிப்பேன்.

'கிணற்றில் குனிந்து கையால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது' என்பதை வாசிக்க மாட்டேன். 'குளிக்கும்போது செம்பை எண்ணுவதில்லை'... 'கத்தரி பூத்திருக்கிறது'... 'காலையில் மேகம் மலையை விட்டு இறங்கி வாசல் வரைக்கும் வருகிறது'... எதையும் வாசிக்க மாட்டேன்.

வாசிக்க வாய் வரவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி வாசிப்பது?

ஒரு வரியைத் தாண்டி அடுத்த கஷ்டம் எங்கே இருக்கிறது என்று கண் தேடும். வாய் நின்றுவிடும். பேச்சியக்கா உடனே, "அஞ்சாங்கிளாசுதான, எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கா. செத்த நேரம் பொறுங்கடி" என்பாள்.

ஒரு எழுத்துக்கூடத் தட்டாமல் படிப்பவள் நான். அந்தப் பேச்சையும் முழுங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு, விட்ட வரிகளை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் படிப்பேன். வயிறு எரியும். ஆனாலும் படிப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வந்தவள், ஒரு மூட்டைக் கத்தரிக்காயோடு காம்பவுண்டுக்கும் வந்தாள். கறுத்திருந்தாள். காலெல்லாம் வெடிப்பு. முகத்தில் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்த களை.

பேச்சியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. "ஆத்தாடி, பாம்புக்கும் தேளுக்கும் நடுவுல என்னடி பொழப்பு அது? ஒரு நல்லது உண்டா, பொல்லது உண்டா? பேசாம இங்கிட்டே வந்துருடி."

"என்னக்கா இப்படிச் சொல்றீக? கெணத்தப் பத்தி அம்புட்டு எழுதியிருந்தேனே..."

"கெணறா? எந்தக் கெணறு?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். நான் தலை நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லிவிடுவாள் என்ற பயத்தில், பொறுக்கிய கல்லையே திரும்ப அரிசியில் போட்டேன். காம்பவுண்டில் படித்தவள் என்று எனக்கு இருந்த பேர் அது ஒன்றுதான்.

"ஆமக்கா... கெணத்துல ஒரு பெரிய தேளு கெடந்துச்சு. அத எழுதணும்னு நெனச்சேன், எழுதல போலருக்கு" என்றாள்.

புறப்படும்போது என் மடியில் நாலு கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டாள். "வாரேன் லெச்சுமி. கார்டு போடுறேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

போட்டாள். வருஷக்கணக்காகப் போட்டாள்.

எல்லாவற்றிலும் கஷ்டம் மட்டும்தான் இருந்தது. தேள், காய்ச்சல், வெள்ளாமையில் பன்றி இறங்கியது... ஒரு பூ இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் தாண்டிப்போக ஒரு வரிகூட வைக்கவில்லை.

"நல்லாப் படிக்கப் பழகிட்டடி, மடமடன்னு படிக்கிறியே" என்று பேச்சியக்கா மெச்சினாள்.

எனக்கு மட்டும் தனியாக ஒரு கார்டு போடு, அந்த வருஷம் என்ன பூத்தது என்று எழுது... என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. என் ரோஷம் கேட்கவிடவில்லை.

பேச்சியக்கா பிள்ளைகளே, உங்கள் அம்மா கடைசிவரை ஆரோக்கியத்தை நினைத்துப் பாவப்பட்டுக்கொண்டே போனாள். அவள் பாவப்படும்படி அங்கே ஒன்றும் இல்லை. வாசித்தவள் சரியில்லை.

இன்று போனில் அவள் மகனிடம், அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொல்வாளா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பாகளா சித்தி? எங்க லெச்சுமி மாதிரி கார்டு வாசிக்க ஊருக்குள்ள ஆளே கெடையாதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக" என்றான்.

சிரிப்பாளாம்...

போய் வா ஆரோக்கியம். ஒரு வரியும் விடாமல் சொல்கிறேன், எனக்கு இன்னமும் உன்மேல் பொறாமைதான்.