அண்ணனின் மோட்டார் சைக்கிளில் என் இடம்

அண்ணி சைட்காரில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்த அந்த நிமிடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மூவாரில், மாதா கோவில் வாசல். கலியாணப் பூசை முடிந்து உறவுக்காரர்கள் படிகளில் கூடி நின்றார்கள். அண்ணனின் மோட்டார் சைக்கிளையும் அதன் இடப்பக்கம் ஒட்டியிருந்த சைட்காரையும் சுற்றி யாரோ காகிதப் பூக்கள் கட்டியிருந்தார்கள். அண்ணி வெள்ளைச் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, பிறகு மறு காலை வைத்து, குளத்தில் இறங்குகிறவள் போல மெல்ல அதற்குள் இறங்கினாள். உட்கார்ந்ததும் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அது என் இடம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்கே தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

எழுத உட்கார்ந்தால் அவள் இவள் என்றுதான் வருகிறது. நேரில் இத்தனை வருடமும் “வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி” தான். என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவள். அவள் மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் பல வருடம் முயன்று பார்த்துவிட்டேன்; கிடைக்கவில்லை.

அண்ணன் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலோ, வெட்டுக் காயமோ, பிரசவமோ, எல்லாவற்றுக்கும் அண்ணன்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் பதினைந்து வயதிலிருந்து அவருக்குச் சமைத்துப் போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவள் நான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையிடமிருந்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். பக்கத்துத் தோட்டங்களுக்கு அவர் போகும்போது மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் சைட்காரில் உட்கார்ந்து போவேன். புட்டிகள் உடையாமல் பிடித்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் அந்தச் சைட்காருக்குத் தொட்டில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். “டிரெஸ்ஸரய்யா தங்கச்சியத் தொட்டில்ல போட்டு ஓட்டுறாரு பாருங்கடி” என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும். தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி உட்காருவேன்.

ஒரு மழைக்காலத்தில் லாபிசிலிருந்து திரும்பும்போது சாலையில் வெள்ளம். விடியும்வரை அந்தப் பக்கம் போக வழியில்லை. அண்ணன் கொஞ்சமும் கலங்காமல் மேட்டில் வண்டியை நிறுத்தி, மழைக்கு எடுத்து வந்த கித்தானைக் கைப்பிடியிலிருந்து ஒரு ரப்பர் மரத்துக்கு இழுத்துக் கட்டினார். அந்த முடிச்சைப் போட எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அன்றுதான். முதல் தடவை நழுவிவிட்டது, “கழுத, கண்ண எங்க வச்சிருக்க?” என்று திட்டு வாங்கினேன். பால் டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேத்தண்ணீர் போட்டேன். அதைக் குடித்துவிட்டு அண்ணன் சொன்னார்: “பாப்பா, ஒன்ன மாதிரி கூட வர்ற ஆளு எனக்குக் கெடைக்காது.” அதிகம் பேசாத மனிதர். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

கலியாணத்துக்குப் பிறகு என் இடம் பின்னால் போனது. பின் சக்கரத்துக்கு மேலே சாமான் கட்டும் இரும்புச் சட்டம் இருக்கும். அதில் ஒரு பஞ்சுத் தலையணையைக் கட்டி, “பாப்பா, நீ இதுல ஏறிக்க” என்றார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் மூவரும் போவோம். அண்ணி தொட்டிலில், நான் மூட்டை மாதிரி மேலே. கால்களை வலப்பக்கம் போட்டு, முகத்தையும் அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டு உட்காருவேன். அண்ணன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பிடிக்க மாட்டேன். தலையணைக்கு அடியில் இருக்கும் இரும்பைத்தான் பிடிப்பேன். குழியில் வண்டி விழுந்து எழும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வரும். விழுந்து செத்தால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பத்தொன்பது வயதில் அப்படித்தான் யோசனை போகிறது.

ஆறு மாதம் கழித்து அண்ணியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் பயணம் வந்தது. மூவாரைத் தாண்டி, பத்து பகாட் ஊருக்குப் போகும் சாலையில் அவர்கள் வீடு. தோட்டத்தில் என்னைத் தனியாக விட முடியாது, அதனால் நானும். ரயில் பாதை மூவாருக்குப் போகாது. பஸ் மாறி மாறிப் போவதைவிட வண்டியிலேயே போய்விடலாம் என்றார் அண்ணன். செகாமட் வரை நன்றாகப் போனோம். தங்காக்கில் அண்ணி அவள் அம்மாவுக்குச் சேலை எடுக்க வேண்டும் என்றாள். கடையில் அரை மணி நேரம். அவளால்தான் ஆற்றைக் கடக்கும் கடைசிப் படகைத் தவறவிட்டோம் என்று நான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வழியில் டயர் பஞ்சராகி ஒன்றரை மணி நேரம் போனதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது மூவார் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. வண்டிகளை ஏற்றிக் கடத்தும் படகுதான். நாங்கள் இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் படகு அக்கரையில் கட்டிக் கிடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவது தெரிந்தது. துறைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரரான மலாய்ப் பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, பெண்கள் தன் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார். நான் போகத் தயாராக இருந்தேன். அண்ணிதான், “இங்கயே இருக்கலாமே, ஆத்துக் காத்து நல்லா இருக்கு” என்றாள். அண்ணன் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தேன். இந்தப் பெண் அழுவாள், பயப்படுவாள், லாபிஸ் மேட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்த என் அருமை அப்போது அண்ணனுக்குத் தெரியும் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்திருந்தேன். அவளானால் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்துகொண்டிருந்தாள்.

கித்தானை நான்தான் எடுத்தேன். கயிற்றையும் நான்தான் அவிழ்த்தேன். கைப்பிடியில் கட்டப் போனபோது அண்ணன், “இரு பாப்பா, அண்ணிக்குக் காட்டுறேன்” என்று கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதே முடிச்சு. அவள் போட்டது இரண்டு தடவையும் நழுவியது. கித்தான் அண்ணன் தலைமேலேயே விழுந்தது. அவர் அதற்குள்ளிருந்து சிரித்தார். எனக்குக் கழுதை, அவளுக்குச் சிரிப்பு! மூன்றாவது தடவை அவளுக்கு முடிச்சு விழுந்துவிட்டது. நான் சுள்ளி பொறுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தோப்புக்காரரிடம் நெருப்பு வாங்கி, கல் கூட்டி, தேத்தண்ணீரையும் அவளே போட்டுவிட்டாள். அண்ணன் ஒரு வாய் குடித்தார். ஆற்றைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒன்ன மாதிரி கூட வர்ற ஆளு எனக்குக் கெடைக்காது.”

அட்சரம் பிசகாமல் அதே வாக்கியம். முன்னால் இருந்த ‘பாப்பா’ மட்டும் இல்லை. எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. மூடிவைத்து மூடிவைத்துப் பார்த்துக்கொண்ட பொருள், யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கும் பொருள்தான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அண்ணனுக்குத் தான் ஏற்கெனவே சொன்னது நினைவிருந்திருக்காது. அதுதான் இன்னும் வலித்தது.

கித்தானுக்குக் கீழே ஒரே பாய், ஒரே கொசுவலை, நாங்கள் இருவரும். அண்ணன் சைட்காரில் கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு தூங்கிப்போனார். “நாளைக்கு இந்நேரம் எங்க அம்மாகிட்ட இருப்போம் தங்கச்சி” என்றாள் அண்ணி, சின்னப் பிள்ளை போல. அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அம்மாவும் இருக்கிறாள், இப்போது என் அண்ணனும் இருக்கிறார்; எனக்கு என்ன இருக்கிறது என்று இருட்டில் எண்ணிப் பார்த்தேன். ஒரு விரலைக்கூட மடக்க முடியவில்லை. அவள் கையை என் மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். நான் ஜெபமாலை உருட்டினேன். மூன்றாம் பத்து மணிகள் முடிவதற்குள் மறுநாள் காலையில் என்ன பொய் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். மாதா மன்னிக்கட்டும்.

காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றேன். கண் இருட்டுகிறது, மேலே உட்கார்ந்தால் விழுந்துவிடுவேன் என்றேன். அண்ணன் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இமையை இழுத்துப் பார்த்தார். அவருடைய தொழிலே இதுதான், பிடிபட்டுவிடுவேன் என்று நெஞ்சு படபடத்தது. அதையே அவர் காய்ச்சலின் படபடப்பு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கொயினா மருந்தை ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் விழுங்கினேன். “வயித்துக்கு ஒண்ணும் குடுக்காத, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்” என்றார். துறையில் ஒரு மலாய்க்கார அம்மாள் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை வாழையிலையில் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். நெத்திலிச் சம்பல் மணம் வயிற்றைப் பிடுங்கியது. அண்ணன் அண்ணிக்கு ஒரு பொட்டலம் வாங்கப் போனார். “தங்கச்சி சாப்பிடாம நான் மட்டும் எப்பிடிங்க?” என்று மறுத்துவிட்டாள். மூன்று பேரும் வெறும் வயிற்றோடு படகேறினோம். அக்கரையில் இறங்கியதும், நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: “நீ தொட்டில்ல உக்காரு தங்கச்சி. நான் பின்னால ஏறிக்கிறேன். எனக்கும் ரொம்ப நாளா ஆசதான்.”

ஆறு மாதத்துக்குப் பிறகு என் இடத்தில் உட்கார்ந்தேன். இடம் மாறவில்லை, அதே பலகை, அதே பெட்ரோல் வாடை. அண்ணி தலையணைமேல் ஏறி, என்னைப் போலவே கால்களை வலப்பக்கம் போட்டுக்கொண்டாள். ஆனால் இரும்பைப் பிடிக்கவில்லை. முதலில் அண்ணன் தோளில் கை வைத்தாள். ஊரைத் தாண்டியதும் அந்தக் கை இடுப்புக்குப் போனது. சைட்காரில் உட்கார்ந்தால் எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. அண்ணனும் நானும் மட்டும் போன காலத்தில் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. இப்போது கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன்: அண்ணி முகத்தைத் திருப்பி அண்ணன் காதோரம் குனிந்து என்னவோ சொல்கிறாள். அவர் கேட்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்க்கிறார். பிறகு சிரிக்கிறார். தோள் குலுங்கச் சிரிக்கிறார். வண்டியே கொஞ்சம் ஆடியது. ஆறு மாதமாக அந்தக் காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீடு வரும்வரை என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அண்ணன் நிறுத்திவிட்டுக் கேட்டபோது காற்று பட்டது என்றேன். அதற்குப் பிறகும் நாங்கள் மூவரும் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். எந்த இடம் வேண்டும் என்று அண்ணி என்னைக் கேட்பாள். எதில் உட்கார்ந்தாலும் அவள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் நல்ல இடமாகத் தெரிந்தது. பிறகு எனக்கும் கலியாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் வண்டியைப் பிடுங்கிக்கொண்டான். அண்ணனும் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அண்ணி இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனேன். காது மந்தம், பக்கத்தில் போய், காதோரம் குனிந்துதான் எதையும் சொல்ல வேண்டும். அறுபது வருடமாகத் தொண்டையில் நின்றதை அன்று கேட்டேவிட்டேன். “அன்னிக்கு மூவார் ரோட்டுல அண்ணன் காதுல என்ன அண்ணி சொன்னீங்க?” அவளுக்கு அந்த நாள் உடனே நினைவுக்கு வந்துவிட்டது. பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னத்தச் சொன்னேன்? பசி தாங்கல. ‘பசிக்குதுங்க’ன்னு சொன்னேன்.”

அவ்வளவுதானா! அதற்கா அண்ணன் அப்படிச் சிரித்தார்? அவளுடைய மருமகள் கொண்டுவந்து வைத்த பலகாரத்தைக் கையில் எடுத்தேன். தின்ன முடியவில்லை. அன்றைக்கு எனக்கும்தான் பசித்தது.