வாசலில் சொல்லாமல் விட்ட ஓம்

இருபத்திரண்டு வருடமாக ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருக்கிறேன். கம்பெனித் தகராறு, வேலை நீக்கம், காணி என்று அவர், எங்கள் சேர், எடுக்கும் வழக்குகள் எல்லாம் இழுபடுகிறவை. தவணைக்குத் தவணை நீதிமன்றத்துக்குத் தூக்கிப்போய் பைல்களின் மூலைகள் கிழிந்துவிடும். எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். ஆனால் சாட்சி சொல்ல வருகிறவர்களிடம் வாசலில் வைத்து ஒன்றைச் சொல்வது என் பொறுப்பு: எதிர்த்தரப்பு லோயர் கேட்டு முடிக்கும்வரை "ஓம்" சொல்லக்கூடாது.

எங்கள் ஆட்கள் யாராவது கதைத்தால் ஓம், ஓம் என்றபடிதான் கேட்பார்கள். ஆமாம், சம்மதம் என்று அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். நீதிமன்றத் தட்டச்சில் அது பதிலாக ஏறிவிடும்.

கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் நெடுங்காலம் காவலாளியாக இருந்தவர். முகாமையாளர் ஒருநாள் "இனி வரவேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். அவராகவே விலகிப் போனார் என்றது கம்பெனி. வேலையைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டோம்.

தொழில் நியாய சபைக்கு அன்று வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டு வந்திருந்தார்.

"தம்பி, மனேஜர் எனக்குச் சலாம் சொல்றாரு பாருங்க. வேலையில இருக்கக்குள்ள ஒருநாளும் சொல்லாத மனுசன்."

சிரித்தேன். என்னைவிட அவ்வளவு மூத்தவரிடம், இப்படிக் கதையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அடுத்த நாள் நீங்கள் வேலைக்குப் போகேல்லை," என்றார் எதிர்த்தரப்பு லோயர்.

"ஓம்."

"நீங்களாத்தான் வேலையால நிண்டனீங்கள்."

"ஓம்... இல்ல சேர், அவருதான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

எங்கள் சேர் எழும்பி, "முதல்ல ஓம் எண்டது ஏன்?" என்று கேட்டுத் திருத்தப் பார்த்தார். நானா அதற்கும் "ஓம் சேர்" என்றுதான் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். நான் பைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் கழித்துத் தீர்ப்புக் கட்டளையை வாசித்தார்கள். தானாக விலகியதை அவரே ஒப்புக்கொண்டாராம்.

"வாசல்ல சொன்னனீரோ?" என்று சேர் கேட்டார்.

"இல்லை சேர்."

அவர் ஏசவில்லை. மேன்முறையீட்டுக்குப் பிரதி எடுக்கச் சொன்னார்.

நானா படிக்கட்டில் நின்றார். "வேலை இல்லையெண்டா சொல்றாங்க, தம்பி?"

"ஓம், நானா."

நான் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கிண்ணியா பஸ்சுக்கு நேரமாகிறது என்று கைகொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.