மூச்சு விட்ட மோட்டார்

நீச்சல்குளம் சுத்தம் செய்வது அவன் தொழில். கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் நீர்க்காக்கை. குளோரின் வாடை அவன் தோலோடு ஊறிப்போயிருந்தது. "உன்னக் கட்டினதுக்கு ஒரு வாளி பிளீச்சிங் பவுடரக் கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி. செத்த எலி, பாம்பு, ஒருமுறை முழு நாய் என்று எதையெதையோ வெறுங்கையால் அள்ளிப் போட்டவன். பேய் என்றால் வயிறு குலுங்கச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவனையே அந்தத் தெருக்கோடி வீடு ஆட்டிப் படைத்துவிட்டது.

கொசுத்தொல்லை தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட, வெளியூரில் இருந்த மகள்தான் போனில் இவனை ஏற்பாடு செய்திருந்தாள். வீட்டில் அவளுடைய அம்மா தனியாக இருந்தார். குளத்தின்மேல் பாசி தோல் மாதிரி படர்ந்திருந்தது. கம்பை விட்டால் ஒரு சாணுக்குக் கீழே கம்பே தெரியவில்லை. தண்ணீரை இழுத்து வடிகட்டிக்கு அனுப்பும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டார் அறையில் கால் வைத்தவன் அப்படியே நின்றான். உள்ளே யாரோ மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்து, கொஞ்சம் திணறி, சீழ்க்கைபோல் விட்டு, மறுபடி இழுத்து...

"அம்மா, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"அவருக்கு இன்னைக்கு இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் அம்மா, சாதாரணமாக.

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டான். "அப்பாவுக்கு ஆஸ்துமா. அந்தக் குளத்துலதான் உயிர் போச்சு. அதுலேர்ந்து அம்மா யாரையும் கிட்ட விடல, மோட்டாரையும் நிறுத்த விடல. உங்கள உள்ள விடவே நான் கெஞ்ச வேண்டியிருந்துச்சு" என்றாள் அவள்.

பாசியைத் தேய்த்தான். மருந்து போட்டான். அம்மா கண்ணசந்த நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்தி, வடிகட்டியில் கல்லாக இறுகியிருந்த மணலை வெட்டி எடுத்துப் புதுசு நிரப்பினான். அப்படியும் தண்ணீர் தெளியவில்லை. கடைசியில்தான் பிடிபட்டது: மோட்டார் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து, அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அட, இதானா உன் இழுப்பு!" என்று சிரித்துக்கொண்டே, மறுபடி அவர் அசந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்திப் புது வளையம் மாட்டினான். மோட்டார் சீராக ஓடியது. மூச்சுச் சத்தம் அடங்கியது.

அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். "என்னப்பா பண்ணின? மூச்சு நின்னுடுச்சே!"

"ரப்பர்தாம்மா..." என்று வெடித்த பழைய வளையத்தை நீட்டிக் காட்டினான்.

அன்றிலிருந்து அவர் குளத்தோரத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் தெளியத் தெளிய, ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தெரிந்தது. வீட்டைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றது.

"கழுத்தளவு தண்ணியில உக்காந்தா மூச்சு லேசா இருக்கும்னு சொல்வாரு. அதுலயே போயிட்டாரு" என்றார் அம்மா. பிறகு, மெல்ல: "காலியா இருக்கே. உக்காந்திருக்காருன்னுல்ல இத்தன நாளா நெனச்சேன்... எடுத்துடுப்பா."

அவன் மார்பளவு தண்ணீரில் இறங்கி நாற்காலியைத் தூக்கினான். அசையவில்லை. குனிந்து கால்களைத் தடவினான். சேறில்லை, எதிலும் மாட்டியிருக்கவுமில்லை. மறுபடி தூக்கினான். ஒரு ஆள் கனம் கனத்தது.

கரையில் நின்ற அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மாவுக்குக் கேட்காதபடி முணுமுணுத்தான்: "ஐயா... கொஞ்சம் எழுந்திருங்க."

நாற்காலி தக்கையாக மேலே வந்தது. அவன் மல்லாக்க விழப் பார்த்தான்.

அம்மா அதை வாங்கி, துண்டால் துடைத்து, வெயிலில் வைத்தார். மோட்டாரை அவரே போய் நிறுத்தினார். அடுத்த வாரம் மகள் வந்து அழைத்தபோது மறுபேச்சில்லாமல் கிளம்பினாராம்.

நடந்ததையெல்லாம் நாற்காலியை எடுத்த அன்று சாயங்காலமே மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அது சரி, எழுந்தவரு எங்க போனாரு?"